படுக்க வைத்தலும் எழுப்பி நடத்தலும்: முதியோர் மருத்துவத்தில் நோயாளர் பாதுகாப்பின் வரலாறு

லண்டனின் மேற்குப் புறநகரான ஐல்வொர்த்தில் இருந்த வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனை, 1935இல் பக்கத்திலிருந்த ஏழைகள் விடுதியையும் தன் நிர்வாகத்தில் எடுத்துக்கொண்டது. அத்துடன் நாள்பட்ட நோயாளிகள் 714 பேர் மார்ஜரி வாரன் என்ற மருத்துவரின் பொறுப்புக்கு வந்தார்கள். 1834ஆம் ஆண்டின் ஏழையர் சட்டப்படி எழுந்த விடுதிகளில் போக்கிடம் இல்லாமல் கடைசிவரை தங்கிப்போனவர்கள் முதியவர்கள்தாம். 1929ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் அந்த விடுதிகளை உள்ளாட்சி மன்றங்களிடம் ஒப்படைத்தபோது, கட்டடங்களோடு கட்டில்களும் கட்டில்களோடு மனிதர்களும் கைமாறினார்கள். பக்கவாதம் வந்து ஆண்டுக்கணக்கில் எழாதவர்களும், மூட்டு இறுகியவர்களும், புத்தி தடுமாறியவர்களும் ஒரே வார்டில் அடுத்தடுத்துக் கிடந்தார்கள். கட்டிலின் இருபுறமும் தடுப்புக் கம்பிகள். கீழே விழாமல் காப்பதற்காகப் போட்டவை அவை. அவற்றைத் தாண்டி எழ யாருக்கும் வழியில்லை.

வாரன் செய்த முதல் வேலை, எல்லாரையும் ஒருவர் விடாமல் உடல் பரிசோதனை செய்தது. இன்று இதைக் கேட்டால் வியப்பு வராது. ஆனால் அந்த வார்டுகளில் பலருக்கு நோய் இன்னதென்ற தீர்மானமே இருக்கவில்லை; வயதையே நோயாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் நோயாளிகளை வகை பிரித்தார். நடக்கக்கூடியவர்களை நடக்க வைத்தார். சுவர்களுக்கு வெளிர்நிறம் பூசச் செய்தார், படுக்கை விரிப்புகளுக்கு நிறம் கொண்டுவந்தார், உட்கார்ந்து எழ வசதியான நாற்காலிகளைக் கேட்டு வாங்கினார். சில ஆண்டுகளில் நாள்பட்ட நோயாளிகளுக்கென்று தேவைப்பட்ட படுக்கைகள் 714இலிருந்து 240 ஆகக் குறைந்தன. 1943இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலிலும் 1946இல் லான்செட்டிலும் அவர் எழுதிய கட்டுரைகள் இந்த அனுபவத்திலிருந்து பிறந்தவை. முதியோர் மருத்துவம் தனித்துறையாக வேண்டும், அது பொது மருத்துவமனைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது அவற்றின் வாதம். முதியோர் நோயியலுக்கு நியூயார்க்கில் இக்னாட்ஸ் நாஷர் 1909இலேயே பெயர் சூட்டிவிட்டார் என்றாலும், அதற்கு வார்டும் நடைமுறையும் கிடைத்தது இங்கேதான்.

முதியோர் மருத்துவத்தின் தரம் உயர்ந்த வரலாற்றைப் புதிய மருந்துகளின் வரலாறாகச் சொல்வது வழக்கம். இக்கட்டுரை வேறொரு இழையைப் பின்தொடர்கிறது. மருத்துவமனையில் முதியவருக்கு நேர்ந்த தீங்குகளில் பெரும்பங்கு, அவரைக் காப்பதாக எண்ணிச் செய்த காரியங்களிலிருந்தே வந்தது. படுக்கை ஓய்வு, கட்டில் கம்பி, கட்டும் பட்டை, தூக்க மாத்திரை, தொலைந்துவிடுமே என்று வாங்கி வைத்த மூக்குக்கண்ணாடி ஆகிய ஒவ்வொன்றும் தீங்குதான் என்று தெரியவந்தது யாரோ ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து எண்ணிப் பார்த்தபோது. தெரிந்த பிறகும் அது வார்டுக்குப் போய்ச் சேரப் பல பத்தாண்டுகள் ஆயின.

அசைவை எண்ணியவர்கள்

ரிச்சர்ட் ஆஷர் லண்டன் மருத்துவர். கூர்மையான கிண்டல் எழுத்துக்குப் பெயர்போனவர். 1947 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில், படுக்கைக்குப் போவதன் ஆபத்துகளைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். நுரையீரலில் சளி தேங்குவது, கால் சிரையில் இரத்தம் உறைவது, தோல் புண்ணாவது, தசை வற்றுவது, எலும்பிலிருந்து சுண்ணாம்பு கரைவது, சிறுநீரகத்தில் கல், மலச்சிக்கல், கடைசியில் மனச்சோர்வு என்று உறுப்பு உறுப்பாகப் படுக்கையின் மேல் குற்றப்பத்திரிகை வாசித்தார். அதில் பெரிய ஆய்வோ அட்டவணையோ இல்லை. ஆனால், ஓய்வுதான் மருந்து என்று மருத்துவர்களே நம்பிக்கொண்டிருந்த காலத்தில், ஓய்வுக்கும் மருந்தைப்போல அளவும் பக்கவிளைவும் உண்டு என்று அவர் காட்டிவிட்டார். எஸ்ஸெக்ஸின் ஆர்செட்டில் லயனல் கோசின் என்ற அறுவை மருத்துவர் ஏறத்தாழ அதே காலத்தில் இதையே கையால் செய்துகாட்டினார். இடுப்பெலும்பு முறிந்த மூதாட்டிகளுக்கு அறுவை செய்து, உடனே எழுப்பி நடக்கவிட்டு, வீட்டுக்கு அனுப்பினார். அவர் பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போய், 1958இல் கவுலி ரோடு மருத்துவமனையில் பகல்நேர முதியோர் மருத்துவமனைக்கென்றே ஒரு கட்டடத்தை எழுப்பினார்.

இந்த வரலாற்றில் நான் அதிகம் மதிக்கும் ஆய்வு, அதிகம் பேசப்படாத ஒன்று. நார்மன் எக்ஸ்டன்-ஸ்மித்தும் ஷெர்வினும், முதிய நோயாளிகள் இரவில் படுக்கையில் எத்தனை முறை தாமாக அசைகிறார்கள் என்று கருவி வைத்து எண்ணினார்கள். 1961இல் வெளியான முடிவு இது: இரவு முழுவதும் 20 தடவைக்கு மேல் அசையாதவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குப் படுக்கைப்புண் வந்தது, 50 தடவைக்கு மேல் அசைந்தவர்களில் ஒருவருக்குக்கூட வரவில்லை. அதுவரை படுக்கைப்புண் என்றாலே செவிலியரின் கவனக்குறைவு என்பதுதான் பேச்சு. இந்த எண்கள் பழியை இடம் மாற்றின. தூக்க மருந்து கொடுத்து ஒருவரை அசையாமல் கிடத்தினால் புண்ணுக்கும் சேர்த்தே சீட்டு எழுதியதாக ஆகிறது. அந்தச் சீட்டை எழுதுபவர் செவிலியர் அல்லர்.

அடுத்த ஆண்டே டோரீன் நார்ட்டன் என்ற செவிலியர், ரோடா மெக்லாரனோடும் எக்ஸ்டன்-ஸ்மித்தோடும் சேர்ந்து, முதியோர் வார்டுச் செவிலியப் பணியைப் பற்றிய விரிவான ஆய்வை வெளியிட்டார். ஏறத்தாழ 250 நோயாளிகளைப் பின்தொடர்ந்ததில் நால்வரில் ஒருவருக்குப் புண் வந்திருந்தது. தோலில் எதைத் தேய்த்தாலும் பெரிய வேறுபாடு இல்லை, அழுத்தத்தை நீக்கி நேரம் தவறாமல் திருப்பிப் படுக்க வைப்பதே பயன் தருகிறது என்று அவர்கள் கண்டார்கள். நம் வார்டுகளில் முதுகில் ஸ்பிரிட் தேய்த்து பவுடர் தூவும் பழக்கத்தைக் கண்டவர்களுக்கு இது உறைக்கும். ஆய்வின் துணைவிளைவாகக் கிடைத்தது நார்ட்டன் அளவுகோல்: உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், கைகால் அசைவு, கழிவு அடக்கம் என்ற ஐந்துக்கும் ஒன்று முதல் நான்கு வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 14 அல்லது அதற்குக் கீழே வந்தால் ஆபத்து. புண் வருமுன்னே யாருக்கு வரும் என்று படுக்கையருகே நின்று ஒரு செவிலியர் சொல்லிவிடலாம். நோயாளர் பாதுகாப்பு என்ற சொல் பரவுவதற்கு ஒரு தலைமுறை முன்பே அதன் வழிமுறை முழுவதும் இங்கே இருக்கிறது.

கிளாஸ்கோவில் பெர்னார்ட் ஐசக்ஸ் 1965இல் இந்தச் சிக்கல்களை நான்கு பூதங்களாகத் தொகுத்தார்: அசைய முடியாமை, நிலைதடுமாறி விழுதல், கழிவை அடக்க முடியாமை, அறிவுத் தடுமாற்றம். நான்கும் உயிரை உடனே வாங்குவதில்லை, நான்கும் பிறர் கையை எதிர்பார்க்க வைக்கின்றன, நான்கையும் ஒரே மாத்திரையில் தீர்க்கவும் முடியாது. மருத்துவக் கல்லூரிகளில் இன்றும் இதையே சொல்லித் தருகிறார்கள்.

கண்ணாடியும் காதுக்கருவியும்

1965இல் பார்பரா ராப் என்ற பெண்மணி, வடக்கு லண்டனின் ஃப்ரையர்ன் மனநல மருத்துவமனையில் இருந்த தமக்குத் தெரிந்த ஒரு மூதாட்டியைப் பார்க்கப் போனார். முதியோர் வார்டில் அவர் கண்டது இது. நோயாளிகளின் மூக்குக்கண்ணாடி, பல்செட், காதுக்கருவி எல்லாம் வாங்கி வைக்கப்பட்டிருந்தன. பார்வையும் கேள்வியும் பறிபோன மனிதர்கள் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள்; பேசாததால் புத்தி மழுங்கிவிட்டது என்று குறிப்பெழுதப்பட்டார்கள். ராப் ‘ஏஜிஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். அதே ஆண்டு நவம்பரில் தி டைம்ஸ் நாளிதழில் இந்த நிலையைக் கண்டித்துக் கூட்டுக் கடிதம் வந்தது. 1967இல் அவர் தொகுத்த ‘சான்ஸ் எவரிதிங்’ நூல், செவிலியர்களும் சமூகப் பணியாளர்களும் தாங்கள் கண்டதைச் சொன்ன சாட்சியங்களின் திரட்டு.

அரசு விசாரணைக் குழுக்கள் அமைத்தது. 1968இல் வந்த வெள்ளை அறிக்கை பெரும்பாலான குற்றச்சாட்டுகளை ஏற்க மறுத்தது. விஷயம் அத்தோடு அடங்கியிருக்கும். ஆனால் கார்டிஃபின் ஈலி மருத்துவமனை பற்றி ஜெஃப்ரி ஹவ் தலைமையிலான குழு தந்த அறிக்கை, 1969இல் வெளியாகி எல்லாவற்றையும் மாற்றியது. அதே ஆண்டில் மருத்துவமனைகளை நேரில் சென்று பார்த்து அறிவுரை கூறும் தனி அமைப்பு இங்கிலாந்தில் உருவானது. நோயாளி புகார் சொன்னால் நம்பமாட்டார்கள், ஊழியர் சொன்னால் வேலை போகும் என்ற நிலையில், வெளியாள் ஒருவர் வந்து பார்ப்பதற்கு முறைப்படி கதவு திறந்தது அப்போதுதான். அந்தக் கதவு எப்போதும் திறந்தே இருந்தது என்றும் சொல்ல முடியாது. ஸ்டாஃபோர்ட் மருத்துவமனையில் 2005 முதல் 2009 வரை நடந்தவை பற்றி ராபர்ட் ஃபிரான்சிஸ் 2013இல் தந்த அறிக்கையைப் படிப்பவர், ராப்பின் நூலை மறுபடி படிக்கிறோமோ என்று ஐயுறுவார்.

ராப் கண்ட காட்சிக்கு மருத்துவப் பதில் வந்தது அட்லாண்டிக்கின் மறுகரையிலிருந்து. முதியவர்கள் மருத்துவமனையில் சேர்ந்த இரண்டு மூன்று நாளில் திடீரென்று நிலைகுலைந்து, இடம் காலம் தெரியாமல் பிதற்றுவது உண்டு. டெலிரியம் எனப்படும் இந்தத் திடீர் மனக்குழப்பத்தை வயசான கோளாறு என்று ஒதுக்கிவிடுவார்கள். யேல் பல்கலைக்கழகத்தின் ஷேரன் இனொயே, இதைப் படுக்கையருகிலேயே சில நிமிடத்தில் கண்டுபிடிக்கும் முறையை 1990இல் வகுத்தார். பின்னர் 70 வயதுக்கு மேற்பட்ட 852 பேரிடம் ஒரு தடுப்புத் திட்டத்தைச் சோதித்தார். முடிவு 1999இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியானது. வழக்கமான கவனிப்பில் 15 விழுக்காட்டினருக்கு வந்த மனக்குழப்பம், திட்டத்தில் இருந்தவர்களில் 9.9 விழுக்காட்டினருக்கே வந்தது.

அந்தத் திட்டத்தில் புது மருந்து ஏதும் கிடையாது. பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் வந்து, இன்று என்ன கிழமை, இது எந்த இடம் என்று பேச்சுக் கொடுத்தார்கள். ஒரு நாளைக்குப் பலமுறை எழுப்பி நடக்க வைத்தார்கள். தண்ணீர் குடிக்கக் கொடுத்தார்கள். இரவில் தூக்க மாத்திரைக்குப் பதில் சூடான பானமும் முதுகு நீவலும். கூடவே, கண்ணாடியை மாட்டிவிட்டார்கள், காதுக்கருவியைப் பொருத்தினார்கள். ஃப்ரையர்னில் பறித்து வைக்கப்பட்டவை 34 ஆண்டுகள் கழித்து சிகிச்சையாகப் பரிந்துரைக்கப்பட்டன. ஆய்வில் வேறொன்றும் தெரிந்தது: மனக்குழப்பம் ஒருமுறை வந்துவிட்டால் இதே கவனிப்பு அதன் கடுமையைக் குறைக்கவில்லை. வருமுன் காத்தால்தான் உண்டு.

இவ்வகைக் கவனிப்பு உயிரையும் காக்கும் என்பதற்கு முன்னரே சான்று இருந்தது. கலிஃபோர்னியாவின் செபுல்வெடா முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் லாரன்ஸ் ரூபன்ஸ்டைன் குழுவினர் 1984இல் வெளியிட்ட ஆய்வு அது. முதியோருக்கான தனி மதிப்பீட்டுப் பிரிவில் வைத்துப் பார்த்தவர்களில் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 23.8 விழுக்காடு, வழக்கமான வார்டில் 48.3 விழுக்காடு. இவ்வளவு பெரிய வித்தியாசத்தைக் காட்டும் மருந்து ஒன்று வந்திருந்தால் உலகமே அதைப் பேசியிருக்கும்.

கட்டிப்போடுதலும் மாத்திரையும்

அமெரிக்க முதியோர் இல்லங்களில் எண்பதுகள் வரை, தடுமாறும் முதியவரை நாற்காலியோடும் கட்டிலோடும் பட்டையால் கட்டிவைப்பது அன்றாட நடைமுறை. விழுந்தால் வழக்கு வரும் என்ற அச்சம் அதன் வேர். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துச் செவிலியப் பேராசிரியர்கள் லோயிஸ் எவன்ஸும் நெவில் ஸ்ட்ரம்ஃபும் 1989இல், கட்டிப்போடுவதால் பயன் உண்டா என்று கிடைத்த சான்றுகளையெல்லாம் அலசி, ஆதரவாக ஏதும் இல்லை என்று எழுதினார்கள். மேரி டினெட்டி குழுவினர் 1992இல் எண்ணிக்கையோடு வந்தார்கள்: கட்டிவைக்கப்படாதவர்களில் 5 விழுக்காட்டினர் விழுந்து கடுமையாகக் காயப்பட்டார்கள், கட்டிவைக்கப்பட்டவர்களில் 17 விழுக்காட்டினர். கட்டுண்டவர்கள் ஏற்கெனவே நலிந்தவர்கள்தானே என்று வாதிடலாம். அதைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் கட்டுவதற்கு ஆதரவாக எதுவும் தேறவில்லை.

ஆனால் கட்டவிழ்த்தது ஆய்வு அல்ல, சட்டம். அமெரிக்காவின் மருத்துவக் கழகம் தந்த 1986ஆம் ஆண்டு அறிக்கையை ஒட்டி 1987இல் அந்நாட்டு நாடாளுமன்றம் இயற்றிய முதியோர் இல்லச் சீர்திருத்தம், ஊழியர் வசதிக்காகவோ தண்டனையாகவோ யாரையும் கட்டக்கூடாது என்றது. மனநோய் மருந்தால் ‘கட்டுவதையும்’ சேர்த்தே தடுத்தது. 1990இல் நடைமுறைக்கு வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஐவரில் ஒருவர் என்ற அளவில் இருந்த கட்டிப்போடுதல், 2000களின் இறுதியில் இருபதில் ஒருவருக்கும் குறைவாகச் சுருங்கியது.

மருந்துகளின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மார்க் பியர்ஸ் 1991இல் நிபுணர்களைக் கூட்டி, முதியோர் இல்லவாசிகளுக்குப் பொதுவாகத் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியலை வெளியிட்டார். டயஸிபாம் போல உடலில் நெடுநேரம் தங்கும் தூக்க மருந்துகளும், சர்க்கரையை அபாயகரமாகத் தாழ்த்திவிடும் குளோர்பிரபமைடும் அதில் இருந்தன. பலமுறை திருத்தப்பட்டு, இப்போது அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் பொறுப்பில் அது தொடர்கிறது. அயர்லாந்தின் கார்க் நகர மருத்துவர்கள் 2008இல் இன்னொரு பட்டியல் தந்தார்கள். நிறுத்த வேண்டியவற்றோடு, கொடுக்க வேண்டியிருந்தும் வயதைக் காரணம் காட்டிக் கொடுக்காமல் விட்டவற்றையும் அது சேர்த்துக்கொண்டது. இரண்டாவது பாதிதான் அதன் தனிச்சிறப்பு.

எண்ணிக்கைக்குப் பணம்

இடுப்பெலும்பு முறிவு முதியோர் மருத்துவத்தின் உரைகல். எலும்பைச் சேர்ப்பது அறுவை மருத்துவரின் வேலை. ஆளைச் சேர்ப்பது வேறு வேலை. இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸில் எலும்பு மருத்துவர் மைக்கேல் டெவாஸும் முதியோர் மருத்துவர் ராபர்ட் இர்வினும் அறுபதுகளிலேயே ஒரே வார்டில் சேர்ந்து நோயாளிகளைப் பார்த்தார்கள். நல்ல முறை என்று எல்லாரும் பாராட்டினார்கள். பாராட்டியவர்களில் பெரும்பாலோர் தங்கள் ஊரில் அதைச் செய்யவில்லை.

2007இல் எலும்பு மருத்துவர் சங்கமும் முதியோர் மருத்துவர் சங்கமும் இணைந்து தேசிய இடுப்பெலும்பு முறிவுப் பதிவேட்டைத் தொடங்கின. எந்த மருத்துவமனையில் எத்தனை மணி நேரத்தில் அறுவை நடந்தது, முதியோர் மருத்துவர் பார்த்தாரா, புண் வந்ததா, அடுத்த முறிவைத் தடுக்க மருந்து கொடுத்தார்களா என்று பதிவாயிற்று. மருத்துவமனை வாரியாக வெளியிடவும்பட்டது. 2010 ஏப்ரலில் அதோடு பணமும் சேர்ந்தது. 36 மணி நேரத்துக்குள் அறுவை, முதியோர் மருத்துவரின் பரிசோதனை முதலிய எல்லா நிபந்தனைகளும் நிறைவேறினால் அந்த நோயாளிக்காக மருத்துவமனைக்குக் கூடுதல் தொகை. ஒன்று தவறினாலும் இல்லை. 2007க்கும் 2011க்கும் இடையில், சேர்ந்த அன்றோ மறுநாளோ அறுவை நடந்தவர்கள் 54.5 விழுக்காட்டிலிருந்து 71.3 விழுக்காடாக உயர்ந்தார்கள். முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் 10.9இலிருந்து 8.5 விழுக்காடாகக் குறைந்தார்கள். ஹேஸ்டிங்ஸ் வார்டுக்கும் இதற்கும் நடுவே நாற்பது ஆண்டுகளுக்கு மேல்.

சென்னைக்கு வந்தபோது

இந்த மரபு தமிழ்நாட்டுக்கு நேரடியாகவே வந்தது. பிரிட்டனில் பயிற்சி பெற்றுத் திரும்பிய வி. எஸ். நடராசன், சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978இல் முதியோருக்கெனப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். 1988இல் உள்நோயாளர் வார்டு வந்தது. 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்தில் எம்.டி. பட்டப்படிப்பு தொடங்கியது, இந்தியாவில் அதுவே முதல். நடுவண் அரசின் தேசிய முதியோர் நலத் திட்டம் 2010இல்தான் வந்தது. மாவட்ட மருத்துவமனைதோறும் பத்துப் படுக்கை என்பது அதன் கணக்கு. கிண்டியில் 2024இல் திறந்த தேசிய முதியோர் மருத்துவமனைக்கு 200 படுக்கைகள். 2021 மதிப்பீட்டில் தமிழ்நாட்டு மக்களில் 13.6 விழுக்காட்டினர் அறுபது வயதைத் தாண்டியவர்கள் எனும்போது, படுக்கை வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் நம் திட்டங்கள் எல்லாம் திறந்த படுக்கைகளை எண்ணுகின்றன. எழுந்து நடந்தவர்களை எண்ணுவதில்லை. விதிவிலக்காக, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், பிசியோதெரபியையும் வலி தணிப்புச் சிகிச்சையையும் வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. வாரன் இருந்திருந்தால் கிண்டிக் கட்டடத்தைவிட இதைத்தான் முதலில் பார்க்க வந்திருப்பார் என்று தோன்றுகிறது.

நம் வார்டுகளுக்கென்று ஒரு தனித்தன்மை உண்டு. யேல் மருத்துவமனை தன்னார்வலர்களைத் தேடிப் பிடித்துச் செய்வித்த வேலைகளை இங்கே மனைவியோ மகளோ மருமகளோ சம்பளம் இல்லாமல் செய்கிறார்கள். பேச்சுக் கொடுப்பது, கஞ்சி ஊட்டுவது, கண்ணாடியைத் தேடி எடுத்துக் கொடுப்பது எல்லாம் அவர்கள்தாம். “எழுந்திரிக்காதீங்கப்பா, விழுந்துடுவீங்க” என்று தோளை அழுத்திப் படுக்க வைப்பவர்களும் அவர்களேதாம். அன்பினால் சொல்வதுதான். செவிலியர் ஒருவர் சேர்க்கையன்றே பத்து நிமிடம் ஒதுக்கி, இரண்டு மணிக்கொரு முறை திருப்புவது எப்படி, தாங்கிப் பிடித்து நடத்துவது எப்படி, பகலில் தூங்கவிடாமல் இருப்பது ஏன் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தால், இனொயேவின் திட்டத்தில் பாதி செலவில்லாமல் நடந்துவிடும். வயதான மனைவியே கணவருக்குத் துணையாக வந்து தரையில் படுத்திருக்கும் இடங்களில் அதுவும் போதாது. அங்கே ஊழியர் எண்ணிக்கை கூடியே ஆக வேண்டும்.

பணத்தின் பிடி நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைக்கு இவ்வளவு என்று தொகுப்புக் கட்டணம் தருகிறது. முன் ஒப்புதலும் கேட்கிறது. இடுப்பெலும்பு முறிவுக்கான கோரிக்கையில் சேர்ந்த நேரம், அறுவை தொடங்கிய நேரம், நோயாளி முதன்முதலில் கட்டிலை விட்டு எழுந்து நின்ற நாள் ஆகிய மூன்றையும் கட்டாயமாக நிரப்பச் சொல்லி, மருத்துவமனை வாரியாக ஆண்டுதோறும் வெளியிடலாம். அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. ஓர் அரசாணை போதும்.